ரெண்டாவது ஃபோன் கேட்காதே

"எனக்கு ரெண்டாவது ஃபோன் வேணும்."

எடிட்டர் தலையைத் தூக்கவில்லை. காதில் விழாதவர் மாதிரி லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்றிருந்த ஒட்டடை, பபிள்கம் மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இதே அறையில், இதே நாற்காலியில் உட்காரவைத்து எடிட்டர் அவளிடம் சொல்லியிருந்தார். "இங்க என்ன வேணா கேளும்மா. லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, என் சட்டையைப் பிடிச்சுக்கூடக் கேளு. ரெண்டாவது ஃபோன் மட்டும் கேட்காதே."

விஷயம் இதுதான். சோதனை செய்வதற்கென்று கம்பெனி ஒரு ஃபோன் அனுப்பும். அதை வைத்துத்தான் விமர்சனம் செய்ய வேண்டும். கடையில் விற்கிற இன்னொன்றை வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பினால், கம்பெனியைத் திருடன் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அடுத்த ஃபோன் வராது. ஃபோன் வராவிட்டால் வீடியோ இல்லை. வீடியோ இல்லாவிட்டால் இந்த மூன்றாவது மாடி ஆபீஸும் இல்லை, அதற்குள் இருக்கிற மூன்று பேரும் இல்லை.

அன்றைக்கு அவள் தலையை ஆட்டினாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், முதல் வேலையின் முதல் நாளில் வேறு எதை ஆட்டுவாள்?

ஆபீஸில் அவளுக்குப் பெயர் குடைச்சல். கையில் ஒரு ஃபோனைக் கொடுத்தால் அடிவயிறு வரைக்கும் குடையாமல் விடமாட்டாள் என்று ஒட்டடை வைத்த பெயர் அது. ஒட்டடைக்கு அந்தப் பெயரை வைத்தது அவன் உடம்பு. கூரை மூலையை எக்காமல் துடைக்கலாம், அவ்வளவு உயரம். காற்றடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், அவ்வளவு ஒல்லி. கேமரா பிடிப்பது, வீடியோவை வெட்டி ஒட்டுவது, நடுவில் வாயை மூடாமல் இருப்பது, இவை அவன் வேலை.

நிகழ்ச்சியின் பெயர் 'வாங்கலாமா?'. ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் குடைச்சல் கேமராவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். 'வாங்கலாம்' அல்லது 'வேண்டாம்'. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜனங்கள் முழு வீடியோவையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"எந்த ஃபோனுக்கு?" என்றார் எடிட்டர், ஒருவழியாக.

"சாயந்தரம் வீடியோ போகப்போகுதே, அதுக்குத்தான் அண்ணா. எங்க அக்கா அதையேதான் வாங்கியிருக்கா. மேப் போட்டா கொதிக்குதாம். கொஞ்ச நேரத்துல திரை மங்கி, தானா அணைஞ்சுபோகுதாம். நம்மகிட்ட இருக்கிறது குதிரையா ஓடுது. ரெண்டும் ஒரே ஃபோன்னா எப்படி?"

"அக்கா ஃபோனை எங்க மாட்டி வச்சிருக்காங்க? வண்டியில, முன்கண்ணாடிக்குப் பக்கத்துல, உச்சி வெயில்ல. அங்க முட்டையை வச்சாலே வெந்துடும்."

"பழைய ஃபோனும் அங்கதான் இருந்துச்சு. அது வேகல."

எடிட்டர் சிரித்தார். அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. எவனும் வேலை கொடுக்காத காலத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். எழுந்து வந்து அவள் முகத்தை உற்றுப்பார்த்தார்.

"குரல் ஏம்மா இப்படிக் கம்மியிருக்கு? தொண்டையைக் கவனிக்க மாட்டியா?" மேஜை டிராயரைத் திறந்து தொண்டை மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை வாயில போடு. அதிகம் பேசாதே. சோதனையெல்லாம் முடிஞ்சாச்சு, மார்க்கும் வந்தாச்சு. சாயந்தரம் உன் வாயால ஒரு வார்த்தை வரணும், அவ்வளவுதான். அண்ணன் சொல்றேன்ல?"

அவள் தொண்டையைத் தொட்டுப்பார்த்துக்கொண்டாள். கம்மிதான் இருக்கிறதோ என்னவோ. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"தாயே," என்றான் ஒட்டடை, படியிறங்கும்போது. "புலி வாய்க்குள்ள தலையை விட்டு, 'பல் விளக்கினியா'ன்னு கேட்டுட்டு வர்றீங்க. தலை இன்னும் இருக்கான்னு ஒருதரம் தடவிப் பாருங்க."

"ஆபீஸ் ஃபோன் எங்க?"

"என் பையிலதான். பக்கத்துல வச்சுப் படம் எடுக்கக் கொடுத்தார். மத்த நேரமெல்லாம் அவர் அலமாரியில பூட்டியில்ல வைப்பார், நகை மாதிரி."

"எடுத்துட்டு வா. ரெண்டாவது ஃபோனை அவர் தர வேண்டாம். கீழே நிக்குது."

* * *

கீழே அக்காவின் பார்சல் வண்டி, ஒரு சக்கரம் நடைபாதை மேலும் மீதி தெருவிலுமாக நின்றிருந்தது. அக்கா பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து முழங்காலில் கட்டு போட்டுக்கொண்டிருந்தாள். படிப்பைப் பாதியில் விட்டு வண்டியைப் பிடித்தவள். அந்த வண்டிதான் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பியது. அதை இவள் மறந்ததில்லை. அக்கா மறக்க விட்டதும் இல்லை.

"வாங்க பட்டதாரி," என்றாள் அக்கா. "இந்தா, உன் சீமந்தப் புத்திரன். இதைக் கண்ணுல காட்டாம எங்கயாவது கொண்டுபோ."

"நான் எங்க இதை வாங்கச் சொன்னேன்?"

"நீ வாயைத் திறந்து எதைச் சொல்லியிருக்கே? வீட்டுல பேசினா நாக்கு தேஞ்சுடும் உனக்கு." ஃபோனைத் தங்கையின் கையில் எறிந்தாள். "நேத்து ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்கறேன். இது கண்ணை மூடிருச்சு. கையெழுத்து வாங்க முடியல, படம் எடுக்க முடியல. அந்தம்மா என்னைப் பார்த்து, 'நீ நிஜமாவே பார்சல்காரிதானா'ன்னு கேக்குது. பார்சல் என் கையில இருக்குடி!"

"சூடாச்சா?"

"சட்டையை இஸ்திரி போடலாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்னு பார்சல் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

ஒட்டடை மெதுவாகச் சொன்னான்: "அக்கா, ஃபோனும் இஸ்திரிப்பெட்டியும் சேர்ந்து இந்த விலைக்குன்னா நல்ல பேரம்தானே?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "இவன்தான் ஒட்டடையா? பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க."

மூவரும் வண்டிக்கு எதிரே இருந்த டீக்கடைக்குள் போனார்கள். ஜன்னலோரம் மேஜை, பக்கத்தில் மின்சாரப் பிளக், தலைக்கு மேல் ஃபேன். வெயில் கிடையாது. எடிட்டர் சொன்ன காரணம் வாசலிலேயே நின்றுவிட்டது. குடைச்சல் தன் லேப்டாப்பைத் திறந்து அக்காவின் ஃபோனை ஒயரில் இணைத்தாள்.

"என்ன பண்றே?"

"மாமியாரை உள்ளே அனுப்பறேன்."

மாமியார் என்பது ஓர் ஆப். கல்லூரியில் கடைசி வருஷம் குடைச்சலே உட்கார்ந்து எழுதியது. ஃபோனுக்குள் புகுந்து எல்லா வேலையையும் ஒரே மூச்சில் ஏவும். படத்தை ஓட்டு, மேப்பைக் காட்டு, கேமராவைத் திற, அதை மூடு, இதைத் தேடு. எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே சூடு ஏறுகிறது என்று பார்த்து மார்க் போடும். என்ன செய்தாலும் குறை சொல்லும். அதனால் அந்தப் பெயர்.

அதை அவர்கள் வெளியே யாருக்கும் கொடுத்ததில்லை. ஊரறிந்த சோதனை ஆப்களைச் சில கம்பெனிகள் மோப்பம் பிடித்துவிடும். அந்த ஆப்பின் பெயரைக் கண்டால் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடும்படி ஃபோனைப் பழக்கிவிடும். மாமியாரைப் பழக்க முடியாது, ஏனென்றால் ஃபோன் அடையாளம் காணும் அதன் உள்பெயர் ஆபீஸில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இந்த நிகழ்ச்சியின் பேரும் புகழும் அந்த ஒன்றில்தான் நின்றது.

மாமியார் உள்ளே போனாள். ஃபோன் பறந்தது. படம் தடங்கலில்லாமல் ஓடியது, மேப் சுழன்றது, கேமரா கண்ணிமைப்பதற்குள் திறந்தது. முதுகைத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

அக்காவுக்கு வாய் பிளந்தது. "இது என் ஃபோனே இல்ல. யாரோ மாத்திட்டாங்க."

"அதேதான் அக்கா," என்றான் ஒட்டடை. "மாமியார் வந்த வீடு எப்படி இருக்கும்? மருமக வாசல் கூட்டுவா, பாத்திரம் பளபளக்கும், இடுப்புல சேலை சொருகியிருக்கும். அந்தம்மா கிளம்பினதும் பாருங்க, சோபாவுல காலை நீட்டி..."

"என்ன சொன்னே?" என்றாள் குடைச்சல்.

"தப்பா எடுத்துக்காதீங்க, உலக வழக்கம் சொன்னேன்."

"வாயை மூடு. இல்ல, மூடாதே. மறுபடி சொல்லு."

அவன் மறுபடி சொல்வதற்குள் அவள் சோதனையை நிறுத்திவிட்டாள். லேப்டாப்பில் மாமியாரின் உள்பெயரை அழித்தாள். உடம்பு அதே, வேலை அதே. பெயர் மட்டும் 'சித்தி'. திரும்ப ஃபோனுக்குள் அனுப்பினாள்.

சித்தி வந்ததை மருமகள் மதிக்கவே இல்லை. படம் இரண்டு தடவை திக்கியது. மேப் பாதியில் வெள்ளையாக நின்றது. கொஞ்ச நேரத்திலேயே முதுகு சுட ஆரம்பித்தது. அக்கா சொன்னபடியே திரை மங்கியது, ஒரு தடவை மினுக்கியது, அணைந்தது.

"இதுதான் என் ஃபோன்," என்றாள் அக்கா, காணாமல்போன பிள்ளை கிடைத்த மாதிரி.

ஒட்டடை தன் பையிலிருந்து ஆபீஸ் ஃபோனை எடுத்து நீட்டினான். அதிலும் சித்தியை விட்டுப் பார்த்தார்கள். அதே திக்கல், அதே சூடு, அதே மயக்கம். கம்பெனி அனுப்பியது தனி ஃபோன் ஒன்றும் இல்லை. கடையில் விற்கிற அதே சரக்குதான். ஆனால் எல்லாச் சரக்கும் மாமியார் பெயரைக் கேட்டால் மட்டும் எழுந்து நின்றது.

"கேள்வித்தாள் வெளியே போயிருக்கு," என்றாள் குடைச்சல்.

அவள் படித்த கல்லூரியில் ஒரு தடவை அப்படி நடந்தது. விடிய விடிய விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தவர்கள் எல்லாம் முழித்தார்கள். கேள்வித்தாள் கிடைத்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். அன்றைக்கு வந்த அதே எரிச்சல் இப்போதும் வந்தது. மூன்று பேருக்குத் தெரிந்த ரகசியம். அவள் சொல்லவில்லை. மீதி இரண்டு பேர். அதில் ஒருவர் அண்ணா.

அவள் ஒட்டடையைப் பார்த்தாள்.

"என்ன, திடீர்னு என்னை ஃபோட்டோ எடுக்கற மாதிரி பார்க்கறீங்க?"

"அந்தக் கம்பெனி ஆள் வந்தப்ப உனக்கு மட்டும் ஒரு பை கொடுத்தான்."

"டி-ஷர்ட்டு மேடம். அதுக்குள்ள ரெண்டு ஒட்டடை குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு பெரிசு. அதை வச்சு என் கற்பை வாங்கிட்டாங்கன்னு சொல்றீங்களா?"

"நீதானா?"

எப்போதும் கேள்வி முடிவதற்குள் பதில் வைத்திருப்பவன் அன்று மேஜையைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. திருடன் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும். இவனுக்கு வியர்த்தது.

"மாமியாரை நான் கொடுக்கல," என்றான். "என் அம்மா மேல சத்தியமா, மாமியாரை நான் கொடுக்கல."

"அப்ப யாரு, நானா?"

"ஏண்டி அவனைப் போட்டு வாங்கறே," என்றாள் அக்கா. "பாவம், ஊதினா விழுந்துடுவான்."

டீ வந்தது. யாரும் தொடவில்லை. குடைச்சல் ஒட்டடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பேச்சை முடிப்பதற்காக, இரண்டு ஃபோனையும் ஆறவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய மாமியாரையே மறுபடி இரண்டிலும் ஓடவிட்டாள். இந்தத் தடவை முழுச் சோதனை. முதலிலிருந்து முடிவு வரை.

இரண்டும் பறந்தன. டீயிலிருந்து ஆவி எழுந்தது. எதிரே பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அக்கா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு வண்டிக்கு அபராதம் போட யாராவது வருகிறார்களா என்று எட்டிப்பார்த்தாள். ஒட்டடை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

டீயின் மேல் ஆடை படிந்தது. சரியாக அந்த நேரத்தில் இரண்டு ஃபோனும் கைகோத்துக்கொண்ட மாதிரி ஒரே நொடியில் தளர்ந்தன. படம் திக்கியது. மேப் நின்றது. முதுகு கொதித்தது. மாமியார் இன்னும் உள்ளேதான் இருந்தாள், பாதி வேலைகூட ஆகவில்லை. மருமகள்கள் இரண்டு பேரும் அதற்குள் படுத்துவிட்டார்கள்.

"ஏன் இங்க?" என்றாள் குடைச்சல், தனக்குத்தானே. "கேள்வித்தாள் தெரிஞ்சவங்க கடைசிவரைக்கும் எழுதணுமே. ஏன் பாதியில பேனாவைக் கீழே வச்சாங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அக்கா. தம்ளரைத் தூக்கி முகத்தைச் சுளித்தாள். "உங்க சண்டையில டீ ஆறிப்போச்சு."

குடைச்சல் தம்ளரைப் பார்த்தாள். ஃபோனைப் பார்த்தாள். மறுபடி தம்ளரைப் பார்த்தாள்.

ஆபீஸுக்கு விருந்தாளிகள் வந்தால் எடிட்டர், பெயரைச் சொல்லாமல், மாமியாரை ஓட்டிக் காட்டுவார். முழுச் சோதனை முடிய நேரமாகும். விருந்தாளிகள் கொட்டாவி விடுவார்கள். 'எனக்குன்னு குட்டியா ஒண்ணு பண்ணிக்கொடும்மா, கையில கொடுத்த டீ ஆறுறதுக்குள்ள முடியணும்' என்று கேட்டார். அவளும் பெருமையாகச் செய்துகொடுத்தாள். பெயர் அதே, வேலை மட்டும் பாதிக்கும் கீழே. அந்தக் குட்டி மாமியார் உலகத்தில் ஒரே ஒரு லேப்டாப்பில்தான் இருந்தது. இந்த ஃபோனைச் சோதிக்கும்போதுகூட, 'நேரமில்ல, என் லேப்டாப்புல இருக்கிறதையே வச்சு ஓட்டிடு' என்று அவரே எடுத்து நீட்டினார்.

கம்பெனியின் கைக்குப் போனது பாதிக் கேள்வித்தாள். அதனால்தான் ஃபோன் பாதிப் பரீட்சைக்கு மட்டும் படித்திருந்தது.

"ஒட்டடை, உன்கிட்ட இருக்கிறது பெரிய மாமியார்தானே?"

"ஆமா."

"குட்டி மாமியார் உன்கிட்ட இல்ல."

"நான் எந்த விருந்தாளிக்கு டீ கொடுத்தேன் மேடம்?"

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். "தப்பாச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதே," என்றாள். ஒட்டடை தலையை மட்டும் ஆட்டினான். அவன் முகம் தெளியவில்லை. கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் மனசு ஒரு ஓட்டையைத் தேடியது. அண்ணாவின் லேப்டாப்பை யாராவது திருடிப் பார்த்திருக்கலாம். கம்பெனி ஆள் டீ குடிக்கும்போது கண்ணை ஏமாற்றி எடுத்திருக்கலாம். "அண்ணாவுக்கே தெரியாம இருக்கலாம்," என்று முணுமுணுத்தாள்.

"அந்த ஆளைச் சந்தேகப்படாதேடி," என்றாள் அக்கா, எழுந்தபடி. "உங்க எடிட்டரை. நல்ல மாதிரியாத்தான் பேசினார்."

"எப்ப பேசினார்?"

"உங்க ஆபீஸுக்கு ஒரு பார்சல் கொடுக்க வந்தேனே, நீ அன்னிக்கு லீவு. 'இந்தப் புது ஃபோனுக்கு முன்பதிவு பண்றாங்களே, வாங்கலாமாண்ணே'ன்னு கேட்டேன். 'தாராளமா வாங்குங்கம்மா, உங்க தங்கச்சியே வாங்கலாம்னு சொல்லப் போறா'ன்னார். நீ சொல்லப் போறேன்னு அவர் சொன்னதாலதான் வாங்கினேன். இல்லேன்னா எனக்கென்ன தலையெழுத்தா?"

குடைச்சல் விரலை மடக்கி நாளை எண்ணினாள்.

"அக்கா, நான் லீவு போட்டது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தின நாள். உன் முழங்காலுக்கு டோக்கன் வாங்க."

"ஆமா, அதுக்கென்ன?"

"அன்னிக்கு அந்த ஃபோன் எங்க ஆபீஸுக்கே வரல. பெட்டியைக்கூட நான் பார்க்கல. நான் என்ன சொல்லப் போறேன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். "என்னைப் பார்த்துச் சிரிச்சாரேடி," என்றாள். "அம்மான்னு கூப்பிட்டாரே."

அதற்கு மேல் தேடுவதற்கு ஓட்டை எதுவும் பாக்கி இல்லை. குடைச்சல் இரண்டு ஃபோனையும் எடுத்துக்கொண்டாள், லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஆபீஸ் படியில் ஏறும்போது நடுவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து என்னவோ தட்டினாள். ஒட்டடை மேல்படியில் நின்று எட்டிப் பார்த்தான்.

"யாருக்கு அனுப்பறீங்க?"

"எல்லாருக்கும்," என்று மூடினாள்.

* * *

எடிட்டர் சொன்ன முதல் வார்த்தை, "தொண்டை தேவலையா?"

அவள் இரண்டு ஃபோனையும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். சித்தி, டீ, ஆடை, முன்பதிவு. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறும் என்று காத்திருந்தாள். மாறவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டார்.

"கெட்டிக்காரி," என்றார். "அதனாலதான் உன்னை எடுத்தேன். உட்காரு."

"கொடுத்தீங்களா?"

"கேட்டாங்க, கொடுத்தேன். நான் கொடுக்காட்டி வேற எவனையாவது பிடிச்சு வேற எதையாவது வாங்கிப்பாங்க. எல்லா ஃபோனும் ஏமாத்துதும்மா. இது கொஞ்சம் நல்லா ஏமாத்துது. இந்த ஆபீஸ் வாடகை, ஏசி, உன் சம்பளம், இவன் கேமரா, இதெல்லாம் வானத்துலேர்ந்து கொட்டுதுன்னு நினைச்சியா?"

"எங்க அக்காகிட்டயும் வாங்கச் சொன்னீங்க."

அப்போதுதான் அவர் கண் ஒரு நொடி ஜன்னல் பக்கம் போனது. "அவங்க கேட்டாங்க. வேற என்ன சொல்ல? முன்னாடியே வேண்டாம்னா உனக்குச் சந்தேகம் வரும்."

அக்காவின் கட்டுப்போட்ட முழங்கால் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த மனுஷனை அவள் கல்லூரி நண்பர்களிடம் 'என் கூடப் பிறக்காத அண்ணன்' என்று சொல்லியிருக்கிறாள். வாய்விட்டு, பலமுறை.

"சாயந்தரம் நான் 'வேண்டாம்'னு சொல்லுவேன்," என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா." அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "சொல்லியாச்சு."

திரையில் வீடியோ ஓடியது. அவள்தான். நிகழ்ச்சிக்கென்று எப்போதும் போடுகிற சாம்பல் நிறச் சட்டை. கடைசிக் காட்சி. அவள் கேமராவைப் பார்த்தாள், மனசாரச் சிரித்தாள், "வாங்கலாம்" என்றாள்.

இந்த ஃபோனுக்கு அவள் அதைச் சொன்னதே இல்லை. ஆனால் வாய் அவளுடையது, குரல் அவளுடையது, சிரிப்பும் அவளுடையதுதான். காதைப் பார்த்ததும்தான் பிடி கிடைத்தது. அக்கா வாங்கிக்கொடுத்த சிவப்புக்கல் தோடு. அது தொலைந்து மாதக்கணக்காகிவிட்டது. வேறு ஏதோ ஒரு நல்ல ஃபோனுக்கு, நிஜமாகவே பிடித்துப்போய்ச் சொன்ன வார்த்தையை அங்கிருந்து பிடுங்கி இங்கே நட்டிருந்தார்கள்.

நட்டது யார்? பேர்தான் எடிட்டர், அவருக்கு வீடியோவை வெட்டத் தெரியாது. ஒட்டத் தெரியாது.

அவள் திரும்பினாள். ஒட்டடை சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

"உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியாது, பழசுல இருந்து ஒண்ணு எடுத்து ஒட்டுன்னு சொன்னார்," என்றான் அவன்.

"எப்ப ஒட்டினே?"

"நேத்து."

"நேத்து நாம ரெண்டு பேரும் சாயந்தரம் வரைக்கும் கத்திச் சண்டை போட்டோம். பின்னணி இசைக்கு. எனக்குத் தொண்டையில என்ன இருந்துச்சு?"

அவன் பையின் வாரை முறுக்கினான்.

"சொல்லு. என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

மாமியாரை நான் கொடுக்கல. அதைத்தான் அம்மா மேல் சத்தியம் செய்தான். அதை மட்டும்தான். டீக்கடையில் அவனுக்கு வியர்த்ததை அவள் பார்த்தாள், அதிலிருந்து தப்பான திருட்டைப் பிடித்தாள். பிறகு அவனிடம் மன்னிப்பு வேறு கேட்டாள்.

இன்று காலையிலும் அவள் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். தன் தொண்டையைத் தானே தொட்டுப்பார்த்து, அவர் சொன்னதை நம்பி, கொடுத்த மிட்டாயைச் சப்பினாள். ஊருக்கெல்லாம் ஃபோனைச் சோதித்துச் சொல்கிறவள்.

"சார்," என்றாள்.

எடிட்டர் நிமிர்ந்தார். அந்த ஒரு சொல்தான் அவரைத் தைத்தது. "என்னம்மா இது, புதுசா சார்? அண்ணான்னு கூப்பிடு."

"வீடியோவைப் போடுங்க சார். நான் தடுக்கல."

"அதுதான் புத்திசாலித்தனம்."

"மாமியாரையும் நான் போட்டுட்டேன்."

"எங்க போட்டே?"

"வெளியில. பெரிய மாமியார். யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம். எடுக்கும்போதே கேட்கும், 'எனக்கு என்ன பேர் வைக்கறீங்க'ன்னு. ஆளுக்கொரு பேர் வைப்பாங்க. சித்தின்னு வைப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரின்னு வைப்பாங்க, உங்க பேரைக்கூட வைப்பாங்க. எந்தக் கம்பெனி எத்தனை பேரைப் பழக்கிவைக்கும்?"

எடிட்டர் எழுந்தேவிட்டார். "அது ஆபீஸ் சொத்து!"

"அது எங்க அக்கா வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர்ல நான் எழுதினது. இந்த ஆபீஸ் வாசல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி."

"நீ வெளியே போய் நின்னு கத்தினா யாரு நம்புவா உன்னை? இங்க 'வாங்கலாம்'னு சிரிச்ச அதே மூஞ்சியைத்தானே காட்டணும்?"

"என்னை ஏன் நம்பணும்? அவங்கவங்க ஃபோன், அவங்கவங்க கை. போட்டுப் பார்க்கட்டும். இனிமே என் வாயால வர்ற வார்த்தைக்காக எவளும் எதையும் வாங்க வேண்டாம்."

மேஜையிலிருந்து அக்காவின் ஃபோனை எடுத்துக்கொண்டாள். ஆபீஸ் ஃபோனை அங்கேயே விட்டாள். மிட்டாய் உறை சட்டைப் பையில் இருந்தது. அதையும் எடுத்து, அவர் லேப்டாப் மேல், சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்துக்குக் கீழே வைத்தாள்.

கதவருகில் ஒட்டடை வழியை விட்டு ஒதுங்கினான்.

"மேடம்," என்றான். வழக்கம்போல ஏதோ ஒரு சிரிப்பைத் தேடினான். "படியில பார்த்துப் போங்க. கெட்டிக்காரங்க விழுந்தா சத்தம் ஜாஸ்தி வரும்."

எப்போதும் என்றால் அவள் இதற்குச் சிரித்திருப்பாள்.

"நானும் வரட்டுமா?" என்றான், இன்னும் சன்னமான குரலில்.

"நேத்தே வந்திருக்கணும்," என்றாள்.

கீழே தெருவில் அக்கா ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். குடைச்சல் படியிறங்கினாள். கையில் இருந்த ரெண்டாவது ஃபோன் இன்னும் சுட்டது. அவள் கையை மாற்றவில்லை.